நான்கு நாள்தான் இருக்கிறது: ஹுவேயில் தங்குவதா, ஹோய் ஆனில் தங்குவதா?

நடு வியட்நாமுக்கு நான்கு நாள் பயணம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். ஹுவே பழைய அரசத் தலைநகரம். ஹோய் ஆன் பழைய துறைமுக ஊர். இரண்டுமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. ஹுவே 1993-இலும் ஹோய் ஆன் 1999-இலும் சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவில் டா நாங் நகரமும் ஒரு மலைத்தொடரும் கிடக்கின்றன. அறையை எந்த ஊரில் எடுப்பது?

பெரும்பாலானவர்கள் ஹோய் ஆனில் அறை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு நாள் ஹுவேக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாம் தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது ஹுவேயில் இரண்டு இரவு, ஹோய் ஆனில் இரண்டு இரவு என்று பிரித்துக்கொண்டேன். ஒரே ஊரை இரண்டு விதமாகவும் பார்த்த பிறகு சொல்கிறேன்: ஹுவேக்கு ஒரு நாளில் போய்வருவதாக இருந்தால் போகாமல் இருப்பதே மேல். அந்த நாளையும் ஹோய் ஆனிலேயே நிம்மதியாகக் கழிக்கலாம். ஹுவே வேண்டும் என்றால் அங்கே ஒரு இரவாவது தூங்க வேண்டும், முடிந்தால் இரண்டு.

கணக்கைப் பாருங்கள். ஹோய் ஆனிலிருந்து ஹுவே ஏறக்குறைய 125 கிலோமீட்டர். 2005-இல் திறந்த ஹாய் வான் சுரங்கப்பாதை வழியாகத் தனிக் காரில் போனாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். குழுப் பயணப் பேருந்து விடுதி விடுதியாக ஆள் ஏற்றிக்கொண்டு போனால் மூன்றரை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குப் போய்ச் சேர்வோம். மாலை நாலரைக்குள் மறுபடி ஏறிவிட வேண்டும். நடுவில் சாப்பாடு. மிச்சம் இருப்பது நான்கு மணி நேரம், அதுவும் உச்சி வெயிலில். அரண்மனைக்கு ஒன்றரை மணி, ஒரு சமாதிக்கு முக்கால் மணி, தியென் மூ புத்த மடத்தின் கோபுரத்துக்கு இருபது நிமிடம், முடிந்தது. முதல் தடவை டூ டுக் மன்னரின் சமாதியில் குளத்தங்கரை மண்டபத்தைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே பேருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மண்டபத்துக்காகவே நான் இரண்டாவது முறை போனேன்.

ஹுவேயின் இயல்பு அப்படி. பார்த்தவுடன் பிடித்துப்போகும் ஊர் இல்லை அது. 1802 முதல் 1945 வரை ஙுயென் வம்சத்தின் தலைநகரமாக இருந்தது. (இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து உச்சரிக்கத் தெரியாமல் உலகமே திணறுகிறது. நம்மிடம் ங இருக்கிறது, எழுதியபடியே சொல்லலாம்.) முதல் மன்னர் ஜியா லோங் தொடங்கிய கோட்டை, அவர் மகன் மின் மாங் காலத்தில் 1832-இல் முடிந்தது. வெளிமதிலின் சுற்றளவே சுமார் 10 கிலோமீட்டர். அதற்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம் நடக்கிறது, டீக்கடை இருக்கிறது. அதற்கும் உள்ளே அரச நகரம். அதற்கும் உள்ளே மன்னரும் அவரைச் சேர்ந்தவர்களும் மட்டும் வாழ்ந்த ஊதா நகரம்.

உள்ளே போனால் பாதிக்கு மேல் புல்வெளிதான். 1947-இல் பிரெஞ்சுப் படைகளோடு நடந்த சண்டையில் நிறைய எரிந்தது. 1968-இல் வியட்நாமியப் புத்தாண்டான டெட் சமயத்தில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதலின்போது வாரக்கணக்கில் இந்த மதில்களுக்குள்ளேயே போர் நடந்தது; தப்பிய கட்டடங்களில் பலவும் அப்போது போயின. அவசரமாக வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பது இதனால்தான். நேரம் இருந்தால் அந்தப் புல்வெளியே வேறு மாதிரி தெரியும். புல்லுக்கு நடுவே அடித்தளக் கற்கள் வரிசையாகக் கிடக்கும், படிக்கட்டு மட்டும் நிற்கும், ஏறிப் போனால் மேலே ஒன்றுமே இருக்காது. அம்மா அப்படி ஒரு படிக்கட்டின் மேல் நின்று வெகுநேரம் பேசவே இல்லை.

இப்போது போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மன்னர் கொலுவீற்றிருந்த தாய் ஹோவா மாளிகையைப் பழுது பார்த்து 2024 நவம்பரில் மறுபடி திறந்திருக்கிறார்கள். 1947-இல் அழிந்த கியென் சுங் மாளிகையையும் மீண்டும் கட்டி அதே ஆண்டின் தொடக்கத்தில் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் போய்வந்தவர்கள் சொன்ன ஹுவேயை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அரச நகரத்தின் தென்வாசல் ஙோ மோன். கடைசி மன்னர் பாவோ டாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடி துறந்தது இந்த வாசலில்தான். அப்புறம், மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்பது வெண்கலக் கொப்பரைகளை விட்டுவிடாதீர்கள். 1835-க்கும் 1837-க்கும் இடையில் வார்த்தவை, ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. நாட்டின் மலை, ஆறு, மரம், மிருகம், படகு, பீரங்கி என்று எல்லாவற்றையும் அவற்றின் மேல் புடைப்பாக வைத்திருக்கிறார்கள். பலாமரம்கூட இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஆனால் ஹுவேயின் உண்மையான சொத்து ஊருக்கு வெளியே, ஹுவோங் ஆற்றின் பக்கம் இருக்கும் மன்னர் சமாதிகள். ஹுவோங் என்றால் நறுமணம். சமாதிகளில் மூன்றைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. மின் மாங் சமாதி நேர்கோடு. வாசல், முற்றம், கோயில், பாலம், குளம் எல்லாம் ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நடக்க நடக்க அமைதி கூடிக்கொண்டே போகும். கய் டிங் சமாதி இதற்கு நேர் எதிர். 1920-இல் தொடங்கி 1931-இல் முடித்தது. கான்கிரீட், உள்ளே சுவர் முழுக்க உடைந்த பீங்கானும் கண்ணாடியும் பதித்த வேலை. கண் கூசும் அளவுக்கு நுணுக்கம். ஆனால் 127 படி ஏற வேண்டும்.

டூ டுக் சமாதி நான் இரண்டாம் முறை போகக் காரணமான இடம். 1864-இல் தொடங்கி 1867-இல் முடித்த இந்தத் தோட்டத்தில் மன்னர் உயிரோடு இருந்தபோதே வந்து தங்கினார், குளத்து மண்டபத்தில் உட்கார்ந்து கவிதை எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட மனைவிகள் இருந்தும் குழந்தை இல்லை. தந்தையின் புகழைக் கல்லில் எழுதுவது மகனின் கடமை. அவருக்கு எழுத மகன் இல்லாததால் தன் கல்வெட்டைத் தானே எழுதினார், 4,935 எழுத்து. புகழுரையாக இல்லாமல் தன் தவறுகளையும் நோயையும் நாட்டின் ஒரு பகுதியை அந்நியரிடம் இழந்ததையும் சொல்லும் எழுத்து அது. அங்குள்ள கட்டடங்களின் பெயரில் எல்லாம் 'கியெம்' என்ற சொல் வரும். அடக்கம் என்று பொருள். அந்த அடக்கத்தைக் கட்டுவதற்கு ஆட்களைக் கசக்கிப் பிழிந்ததால் 1866-இல் வேலையாட்கள் கலகம் செய்தார்கள், சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளே ஆயுதம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்த மண்டபத்தில் உட்கார்ந்தால் குளத்துத் தண்ணீர் வேறு மாதிரி இருக்கிறது. "இங்கயே கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம்டா" என்றார் அம்மா. ஒன்றரை மணி நேரம் இருந்தோம். போய்வருகிற பயணத்தில் இதற்கு வழியே இல்லை.

நேரம் குறைவு என்றால் ஒரு சமாதி போதும், அது டூ டுக். இரண்டு என்றால் மின் மாங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பில் மனம் போகிறவர்கள் கய் டிங்கைச் சேர்க்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம்.

சரி, ஹோய் ஆனுக்கு வருவோம். அந்த ஊர் நம்மைக் காத்திருக்க வைக்காது. சாயங்காலம் ஐந்தரைக்குப் பழைய தெருவுக்குள் நுழைந்தால் ஆறரைக்குள் அதன் மேல் ஆசை வந்துவிடும். மஞ்சள் சுவர், பாசி படிந்த ஓட்டுக்கூரை, வீட்டு வாசலில் துணி விளக்குகள், து போன் ஆற்றில் அவற்றின் நிழல். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து தங்கிய துறைமுகம் இது. ஜப்பானியர் கட்டிய கூரை போட்ட பாலம் இன்றும் இருக்கிறது. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வியட்நாம் பணமான டாங்கில், 20,000 டாங் நோட்டில் இருப்பது அந்தப் பாலம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றில் மண் தூர்ந்து பெரிய கப்பல்கள் வர முடியாமல் வியாபாரம் டா நாங்குக்குப் போய்விட்டது. ஊர் அப்படியே உறைந்து நின்றதால்தான் நமக்குக் கிடைத்தது.

பழைய தெருக்களில் குறிப்பிட்ட நேரங்களில் வண்டிகள் வர விடமாட்டார்கள் என்பதால் அப்போது குழந்தைகளோடு நடக்கப் பயமில்லை. சைக்கிளில் அரை மணிக்குள் கடற்கரை. ஒவ்வொரு சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் இரவு மின்விளக்குகளை அணைத்துத் துணி விளக்குகளை மட்டும் ஏற்றுவார்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாள் என்று நம் நாட்காட்டியிலேயே பார்க்கலாம், ஒரு நாள் முன்பின் இருக்கலாம், உறுதி செய்துகொள்ளுங்கள். அழகான இரவு, ஆனால் ஆற்றங்கரையில் நிற்க இடம் இருக்காது. எனக்கு ஹோய் ஆன் பிடித்தது காலை ஆறு மணிக்கு. கடைகள் திறக்காத தெருவில் வீட்டுக்காரர்கள் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைப்பது அது. டா நாங்கில் தங்கி மாலையில் வந்து போகிறவர்கள் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஹோய் ஆன் பக்கம் தராசைச் சாய்க்கும் இன்னொன்றும் இருக்கிறது, நம்மவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. அங்கிருந்து 40 கிலோமீட்டரில் மீ சன். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் கட்டிய சிவாலயங்கள், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் செங்கல் கோபுரங்களாக நிற்கின்றன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற அரசர் தன் பெயரோடு ஈசுவரனைச் சேர்த்து பத்ரேசுவரர் என்று லிங்கம் நிறுவினார். அதிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். சோழர் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். இவை சம்பா நாட்டின் சம் மக்கள் தங்கள் மண்ணில், தங்கள் கைவண்ணத்தில் எழுப்பியவை. சமஸ்கிருதத்திலும் தங்கள் மொழியிலும் கல்வெட்டு வெட்டினார்கள். அந்தப் பெருமையை அவர்களிடமே விட்டுவைப்பதுதான் மரியாதை. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் தரைமட்டமானது. குண்டு விழுந்த பள்ளங்கள் கோயில்களுக்கு நடுவே இன்றும் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் அங்கே சில தொகுதிகளைச் சீரமைத்தது. அந்த வேலையின்போது 2020 மே மாதத்தில் ஒரே கல்லால் ஆன சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். ஒன்பதுக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வரும்.

ஹுவேயிலிருந்து மீ சன் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே மீ சன் வேண்டும் என்று நினைப்பவர் ஹோய் ஆனை விடவே முடியாது. நான் முழுக்க ஹுவே பக்கம் சாயாமல் இரண்டு ஊரையும் பிரித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஹுவே ஒரு படி மேல். புத்த மடங்கள் நிறைந்த ஊர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நிறையக் குடும்பங்கள் சைவம்தான் சாப்பிடுகின்றன. கடைப் பலகையில் 'சாய்' என்று இருந்தால் சைவம். 'கொம் சாய்' என்றால் சைவச் சாப்பாடு. இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறு எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பதானால் கவனம்: 'போ' என்றால் மாடு. ஹுவேயின் பெயர்பெற்ற நூடுல்ஸ் சூப்பான பூன் போ ஹுவேயில் அது உண்டு. ஹோய் ஆனின் காவ் லாவ் நூடுல்ஸில் பன்றி. சிறு கிண்ணங்களில் வேகவைத்துத் தரும் பான் பேயோ என்ற அரிசிப் பண்டத்தை அம்மா சைவமாகக் கேட்டு வாங்கி, இரண்டு நாளும் காலையில் அதையே சாப்பிட்டார்.

மழை விஷயத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. அந்தக் கடற்கரைக்கும் வடகிழக்குப் பருவமழைதான். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது அங்கேயும் கொட்டும். ஹோய் ஆனில் ஆறு தெருவுக்குள் ஏறிவரும். பழைய வீடுகளின் சுவரில் எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே தீபாவளி விடுமுறையில் போகத் திட்டமிடாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே விடுமுறையைத் தவிர வழியில்லை என்றால் ஹுவேயைக் காலை ஏழு முதல் பத்து வரையும் மாலை மூன்றரைக்குப் பிறகும் பாருங்கள். அந்த வெயிலுக்கும் ஒரு நாள் பயணம் ஒத்துவராது.

ஹுவேயில் அரண்மனைக்கு 2 லட்சம் டாங், சமாதி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம். நாலையும் சேர்த்த கூட்டுச் சீட்டு 5,30,000 டாங், அது இரண்டு நாள் செல்லும். ஹோய் ஆன் பழைய ஊருக்கு வெளிநாட்டவர் சீட்டு 1,20,000 டாங். ஒரு லட்சம் டாங் என்றால் நம் பணத்தில் 330 ரூபாய் அளவுக்கு வரும். அறை வாடகை ஹுவேயில் குறைவு. விலைகள் மாறும், கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விசா இணையத்திலேயே எடுக்கலாம், ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர்.

இரண்டு ஊரையும் பிரித்துக்கொண்டால் நடுவில் இருக்கும் ஹாய் வான் மலை இடைஞ்சலாக இல்லாமல் பயணத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சுரங்கப்பாதைப் பேருந்து வேகம், ஆனால் மலையையே பார்க்க முடியாது. தனிக் கார் எடுத்து மலைப்பாதையில் போனால் உச்சியில் 1826-இல் மின் மாங் கட்டிய காவல் வாசலில் இறங்கி நிற்கலாம். வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் இதுதான் சரி, ஹோய் ஆன் விடுதி வாசலிலேயே இறங்கலாம். எனக்குப் பிடித்தது ரயில். ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு மூன்று மணி நேரம், மலைக்கும் கடலுக்கும் நடுவே பாறை விளிம்பில் ஊர்ந்து போகும். 2024 மார்ச்சிலிருந்து இதற்கென்றே ஒரு பாரம்பரிய ரயிலும் ஓடுகிறது. தெற்கே வரும்போது இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம். டா நாங்கில் இறங்கி ஹோய் ஆனுக்கு இன்னும் 30 கிலோமீட்டர் காரில் போக வேண்டும், ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது.

இனி யாருக்கு எது என்று பார்த்துவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு போகிறீர்களா? ஹோய் ஆனிலேயே நான்கு நாளும் இருங்கள், மீ சன்னுக்கு ஒரு காலை, கடற்கரைக்கு ஒரு நாள். ஹுவேயின் முற்றங்களில் குழந்தைகளுக்குச் சலிப்பு தட்டும், பெரியவர்களுக்கும் நிம்மதி இருக்காது. வரலாற்றில் ஊறியவர், தனியாகவோ ஒரு நண்பரோடோ போகிறார் என்றால், மூன்றே நாள் இருந்தாலும் ஹுவேயில் இரண்டு இரவு, கடைசி இரவு மட்டும் ஹோய் ஆன். பெற்றோரோடு போகிறவர்கள் இரண்டு-இரண்டு என்று பிரியுங்கள். இந்த நான்கு நாளில் பா நா மலையின் தங்கப் பாலத்தையும் திணிக்கச் சொல்லி முகவர்கள் வற்புறுத்துவார்கள். அது ஒரு முழு நாளைத் தின்றுவிடும், பழைய ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அது தேவையில்லை.

வரிசையும் முக்கியம், ஹுவே முதலில் வரட்டும். திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஹுவேயின் பூ பாய் நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள். திரும்பும்போது டா நாங்கிலிருந்து ஏறலாம், வந்த வழியே திரும்பிப் போகும் அரை நாள் மிச்சம். கால் வலிக்காத முதல் இரண்டு நாளில் ஹுவேயை நடந்து முடித்துவிடுங்கள். ஹோய் ஆனில் தையல்காரர்களிடம் ஏதாவது தைத்துக்கொள்ள நினைத்தால் போய் இறங்கிய முதல் மாலையே அளவு கொடுத்துவிடுங்கள். மறுநாள் ஒருமுறை போட்டுப் பார்த்து, இடுப்பையோ கையையோ திருத்தச் சொல்லி, கிளம்பும் நாள் காலையில் வாங்கிக்கொள்ள அந்த இரண்டு இரவு சரியாக இருக்கும்.